வலிக்காத புண்ணுக்கு எந்த மெஷின்?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது, 15 வருடமாகச் சர்க்கரை நோய். இடது பாதத்தில் கட்டை விரலுக்குக் கீழே இரண்டு மாதமாகப் புண் ஆறவில்லை. வலி இல்லாததால் வழக்கம்போல் நடமாடுகிறார். ஓர் இடத்தில் ‘வேக்’ மெஷின் வைக்கலாம் என்கிறார்கள், இன்னோர் இடத்தில் ஆக்ஸிஜன் அறை சிகிச்சை. ஸ்மார்ட் பேண்டேஜ் பற்றியும் படித்தேன். எதற்குச் செலவு செய்வது?

பதில்: ‘வலி இல்லாததால் நடமாடுகிறார்’ என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கவலை தருவது அதுதான். உணர்வு நரம்புகள் மரத்துவிட்டதால்தான் வலிக்கவில்லை. அப்பாவின் செருப்பை எடுத்து உள்ளே பாருங்கள். கட்டை விரலுக்கு அடியில் குழி விழுந்து கறுத்திருக்கும். புண்ணின் விளிம்பும் காய்ப்பேறி வெள்ளையாகத் தடித்திருக்கும். இரவெல்லாம் கூடிவரும் சதையைக் காலையில் நாலு அடி நடந்தே நசுக்கிவிடுகிறார்.

அந்தப் பாரத்தை இறக்குவதுதான் முதல் சிகிச்சை. முழங்கால்வரை போடும் சிறப்பு மாவுக்கட்டு இதற்கு மிக நல்லது. ஆனால் சீழோ, ரத்த ஓட்டக் குறைவோ இருந்தால் போடக் கூடாது. அதனால் அதற்கு முன்பே கால் ரத்த ஓட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். சர்க்கரை நோயில் ரத்தக்குழாய் சுவர் இறுகி, கணுக்காலில் எடுக்கும் ரத்த அழுத்தம் சரியாக இருப்பதுபோல் ஏமாற்றும். கால் விரலில் எடுக்கும் ரத்த அழுத்தத்தையும் கேட்டு வாங்குங்கள். அது 30 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே என்றால் ரத்தக்குழாய் நிபுணரிடம் உடனே போக வேண்டும்.

வேக் மெஷினில், புண்ணுக்குள் ஸ்பாஞ்ச் வைத்து மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டுவார்கள். ஸ்விட்சைப் போட்டதும் மெஷின் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சும். ஸ்பாஞ்ச் சுருங்கிப் புண்ணோடு ஒட்டிக்கொள்ளும், கசியும் நீர் குழாய் வழியே டப்பாவில் சேரும். சதையை வெட்டி எடுத்த பெரிய காயத்துக்கு இது நன்றாக உதவுகிறது. அறுவை சிகிச்சை நடக்காத பாதப்புண்ணுக்கு வேண்டாம் என்று சர்வதேச வழிகாட்டுதல் 2023-லேயே சொல்லிவிட்டது. ஆக்ஸிஜன் அறை, அதாவது அழுத்தம் கூட்டிய அறையில் ஆக்ஸிஜனைச் சுவாசிக்கும் சிகிச்சை, ரத்த ஓட்டம் குறைந்து மற்றெல்லாம் செய்தும் ஆறாத புண்ணுக்கு. அதுவும் தினம் ஒன்றரை மணி நேரம், 30, 40 தடவை. புண்ணின் நிலையைச் சென்சார் வைத்துக் கண்காணிக்கும் ஸ்மார்ட் பேண்டேஜ் இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது, காத்திருக்காதீர்கள்.

கண்காணிக்க உங்கள் போனும் ஒரு ஸ்கேலும் போதும். மருத்துவர் காய்ப்பைச் சீவியதும் (வீட்டில் பிளேடு வேண்டவே வேண்டாம்) ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். பிறகு வாரம் ஒருமுறை, அதே வெளிச்சத்தில். நீளத்தை அகலத்தால் பெருக்குங்கள். இன்று 3 செ.மீ.க்கு 2 என்றால் 6. நாலு வாரத்தில் அதில் பாதியான 3-க்கு வராவிட்டால் இப்போதைய சிகிச்சை போதவில்லை என்று அர்த்தம். புதுச் சிகிச்சை பற்றி அப்போது மருத்துவரிடம் பேசுங்கள். இதற்கிடையே பாதம் சிவந்து வீங்கினாலோ, நாற்றமோ காய்ச்சலோ வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ஆறிய பிறகும் பத்தில் நாலு பேருக்கு ஒரு வருடத்துக்குள் புண் திரும்புகிறது. அப்போது எம்.சி.ஆர். (மெத்தென்ற ரப்பர்) செருப்போடு தோல் வெப்பம் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்றும் வாங்குங்கள். இரண்டு பாதத்திலும் ஒரே இடத்தில் தினமும் பாருங்கள். தொடர்ந்து இரண்டு நாள் ஒரு பக்கம் 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் கூடுதலாக இருந்தால், தோல் உடையும் முன்பே நடையைக் குறைத்து மருத்துவரிடம் காட்டிவிடலாம்.