ரிட்டுக்சிமாப் (சில ரத்தப் புற்றுநோய்களுக்குக் கொடுக்கும் மருந்து) எடுக்கும் அப்பாவுக்குத் தடுப்பூசி போட்டும் ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க ரத்தத்தில் உருவாகும் புரதம்) வரவில்லை. ஊசி வீண்தானா?

வீண் இல்லை. அப்பாவின் ரிப்போர்ட்டில் 'நெகட்டிவ்' என்று பார்த்ததும் உங்களுக்கு வயிறு கலங்கியிருக்கும். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது.

அம்மாவுக்கு ஃபாலிகுலர் லிம்போமா, ஒரு வகை ரத்தப் புற்றுநோய். 2021-ல் கோவிஷீல்டு இரண்டு டோஸும் போட்டாயிற்று. சித்தப்பா நச்சரித்ததால் ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்தோம். ஒன்றுமே இல்லை. "அப்பவே சொன்னேன், இதெல்லாம் தண்டம்னு" என்று ஆரம்பித்துவிட்டார். அம்மாவின் டாக்டரோ ரிப்போர்ட்டைப் பார்த்து அசரவே இல்லை. "ரிட்டுக்சிமாப், பி செல்ங்கிற வெள்ளையணு மேல இருக்கிற சிடி20 புரதத்தைப் பிடிச்சு அந்த செல்லையே காலி பண்ணுதும்மா. ஆன்டிபாடி அந்த பி செல் வழியாத்தான் வரணும். அப்புறம் எங்கேருந்து வரும்? ஊசி தயார்படுத்துற இன்னொரு வகை வெள்ளையணு டி செல். அதை இந்த மருந்து பெரும்பாலும் தொடாது. அதை இந்த டெஸ்ட் அளக்கவும் அளக்காது" என்றார்.

இது வெறும் ஆறுதல் பேச்சு இல்லை. 2021-ல் நேச்சர் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. கோவிட் வந்த ரத்தப் புற்றுநோயாளிகளில் 77 சதவீதம் பேரிடம் அந்த வைரஸை அடையாளம் காணும் டி செல்கள் இருந்தன. டி செல்லில் சிடி8 என்ற வகை அதிகம் இருந்தவர்கள் பிழைக்கும் வாய்ப்பும் கூடுதல், ரிட்டுக்சிமாப் வகை மருந்து எடுத்தவர்கள் உட்பட.

உடனே "நீ டாக்டரா?" என்று கமெண்டில் வராதீர்கள். நான் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு பார்ப்பவள். அந்த ஆய்வு நோய் வந்தவர்களைப் பற்றியது, தடுப்பூசியைப் பற்றியது அல்ல என்பதும் தெரியும். டி செல் கிருமி உள்ளே நுழைவதைத் தடுக்காது. கிருமி புகுந்த செல்களைத் தேடிப்பிடித்துக் கொல்லும். பெண்டாமஸ்டின், ஃபுளுடாரபின் மாதிரி கீமோ மருந்துகள் டி செல்லையே குறைத்துவிடும். சிஎல்எல் (இன்னொரு வகை ரத்தப் புற்றுநோய்) நோயாளிகளுக்கு டி செல்லே களைத்துப்போய் இருக்கும். அதனால் அப்பாவுக்கு வேறு என்னென்ன மருந்து ஏறியது என்று கேளுங்கள். அடுத்த ஊசி எப்போது என்பதையும் அவருடைய டாக்டரே சொல்லட்டும். கடைசி ரிட்டுக்சிமாப்புக்கு ஆறு மாதமாவது கழித்துப் போட்டால் ஆன்டிபாடி வர வாய்ப்பு கூடும். உயிருள்ள கிருமித் தடுப்பூசி மட்டும் கூடாது.

அம்மாவுக்கு 2022-ல் கோவிட் வந்தது. இருமல் இழுத்தடித்தது, ஆக்ஸிஜன் தேவைப்படவில்லை. ஊசியால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

வீட்டில் மற்ற எல்லோரும் ஊசி போட்டுக்கொள்ளுங்கள், கூட்டத்துக்கு அப்பாவை அழைத்துப்போகாதீர்கள். சொல்வது சுலபம். மாமா பையன் கல்யாணத்துக்கு அம்மா மாஸ்க் போட்டுக்கொண்டு வந்து ஓரமாக உட்கார்ந்ததற்கு, "மங்கள காரியத்துல இது என்ன கோலம்" என்று அத்தை எல்லோர் எதிரிலும் கேட்டார். சாப்பிடாமல் கிளம்பியதற்கு மாமா இன்றுவரை போன் பண்ணுவதில்லை. மொய் கவரை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டார்கள்.