கொச்சியில் இறங்கியவர்களைக் கப்பலில் திரும்ப ஏற்றவில்லை: வழக்குப் போடலாமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறோம். எனக்கு வயது 63, மனைவிக்கு 58. மும்பையில் கிளம்பி கொச்சி, லட்சத்தீவு போய்த் திரும்பும் ஐந்து இரவுக் கப்பல் பயணத்துக்கு, 2021 டிசம்பரில் புதுச்சேரி ஏஜென்ட் ஒருவர் மூலம் இரண்டு பேருக்கும் சேர்த்து 90,000 ரூபாய் கட்டிப் போனோம். மூன்றாம் நாள் கொச்சியில் கப்பல்காரர்கள் ஏற்பாடு செய்த பஸ்ஸில் ஊர் சுற்றினோம். மட்டாஞ்சேரியில் மனைவியின் அக்கா வீடு. கைடிடம் சொல்லிவிட்டு ஆட்டோவில் அங்கே போய்விட்டு, கப்பல் கிளம்ப ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே திரும்பிவிட்டோம். "அனுமதித்த சுற்றுலாவை விட்டு விலகியவர்களை ஏற்ற முடியாது, கொரோனா விதி" என்று ஏணியடியிலேயே நிறுத்திவிட்டார்கள். பெட்டியும் மனைவியின் இன்சுலினும் கேபினில் மாட்டிக்கொண்டன. எல்லார் முன்னாலும் குற்றவாளிகளைப்போல நடத்தினார்கள். ஓட்டல், விமானம் என்று 23,400 ரூபாய் செலவு. பெட்டி பதினொரு நாள் கழித்து வந்தது. கம்பெனி 20,000 ரூபாய் பணமும், அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ள 25,000 ரூபாய்க்குக் கிரெடிட்டும் தருவதாக மெயில் போட்டிருக்கிறது. எனக்கு 12 லட்சம் நஷ்ட ஈடு வேண்டும். வழக்கைக் கடலூரில் போடுவதா, புதுச்சேரியிலா, மும்பையிலா?

பதில்: நீங்கள் அனுப்பிய ஒன்பது பக்கக் கடிதத்தில் ஏழு பக்கம் ஏணியடியில் பட்ட அவமானத்தைச் சொல்கிறது. உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் நுகர்வோர் ஆணையத்தில் அந்த ஏழு பக்கமும் நிற்காது. கைடிடம் சொல்லிவிட்டுத்தான் போனோம் என்பதும் நிற்காது. கப்பல் கம்பெனியின் விதியைத் தளர்த்தும் அதிகாரம் கைடுக்கு இல்லை. நேரத்துக்குத் திரும்பிவிட்டோம் என்பதும் உதவாது, ஏனென்றால் தாமதமாக வந்தீர்கள் என்று அவர்கள் சொல்லவே இல்லை.

வழக்கில் ஒரே கேள்விதான். "எங்கள் பஸ்ஸில்தான் இறங்க வேண்டும், விலகினால் திரும்ப ஏற்ற மாட்டோம்" என்ற நிபந்தனை உங்களுக்கு எந்தத் தேதியில், எந்த எழுத்தில் தெரிவிக்கப்பட்டது? பணம் கட்டுமுன் என்றால் உங்கள் வழக்கில் பெரும்பகுதி அங்கேயே முடிந்தது. பணம் கட்டிய பிறகு, ரத்து செய்தால் முழுத்தொகையும் போய்விடும் என்ற கட்டத்தில் தெரிவித்தார்கள் என்றால் உங்களுக்கு வழக்கு இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 2(11) பிரிவு, நுகர்வோரிடம் தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்றே சொல்கிறது.

"கொரோனா காலத்து விதி ஊருக்கே தெரியுமே" என்று கம்பெனி சொல்லும். 2020 ஆகஸ்டில் இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தில், சுற்றுலாக் குழுவை விட்டு விலகிய ஒரு குடும்பத்தை 'எம்எஸ்சி கிராண்டியோசா' கப்பல் திரும்ப ஏற்றாமல் விட்டது உலகம் முழுக்கச் செய்தியானது. அதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். உங்கள் பதில் எளிது: அதே காலத்தில் விதி துறைமுகத்துக்குத் துறைமுகம் வேறு. மெக்சிகோவின் கோசுமெல்லில் 2021-லேயே பயணிகளைத் தனியாகச் சுற்ற விட்டார்கள். இப்படி மாறிக்கொண்டிருந்த விதியைப் பயணி ஊகித்துக்கொள்ள வேண்டியதில்லை, கம்பெனிதான் எழுதித் தந்திருக்க வேண்டும்.

இனி நீங்கள் அனுப்பிய காகிதங்களுக்கு வருகிறேன். பணம் கட்டியது டிசம்பர் 3. ஏஜென்ட் வாட்ஸாப்பில் 14 பக்க பிடிஎஃப் அனுப்பியது டிசம்பர் 5 இரவு. அதன் பதினோராம் பக்கத்தில் இந்த நிபந்தனை இருக்கிறது. இந்த இரண்டு நாள் இடைவெளிதான் உங்கள் வழக்கின் உயிர். ஆனால் பயணத்துக்கு முந்தைய நாள் வெப் செக்-இன் செய்யும்போது "சுகாதார நிபந்தனைகளைப் படித்தேன், ஏற்கிறேன்" என்ற கட்டத்தில் டிக் போட்டிருக்கிறீர்கள். மகன் போட்டான், நான் போடவில்லை என்பது எடுபடாது. ஆக, வழக்கு இருக்கிறது. பலமானது என்று என்னால் சொல்ல முடியாது.

நீங்கள் ஒரே வரியில் கடந்து போனது இன்சுலின் விஷயம். உங்கள் பக்கம் உண்மையில் பலம் அங்கேதான் இருக்கிறது. ஏற்ற மறுக்கக் கம்பெனிக்கு முழு உரிமை இருந்ததாகவே வைத்துக்கொள்வோம். கேபின் ஃப்ரிட்ஜில் இருக்கும் மருந்தையும் பையையும் ஊழியர் ஒருவரை அனுப்பி எடுத்துத் தர ஒன்றரை மணி நேரம் இருந்தது. தரவில்லை. இதற்கு எந்த நிபந்தனையும் அவர்களைக் காப்பாற்றாது. அன்று இரவு கொச்சி மருந்துக் கடையில் இன்சுலின் வாங்கிய பில், மனைவியின் பழைய மருந்துச் சீட்டு, அன்றைக்கோ மறுநாளோ சர்க்கரை அளவு பார்த்திருந்தால் அந்தச் சீட்டு, இவை மூன்றையும் இன்றே தேடி எடுங்கள். கப்பலில் இறங்கும்போதும் ஏற வரும்போதும் கார்டைத் தேய்ப்பார்கள், நேரம் பதிவாகும். அந்தப் பதிவையும் ஏணியடி கேமரா பதிவையும் அழிக்கக் கூடாது என்று, வழக்குக்கு முன் கம்பெனிக்கு அனுப்பும் நோட்டீஸில் தனிப் பத்தியாகக் கேளுங்கள். ஏழு மாதம் ஆகிவிட்டதால் கேமரா பதிவு இருக்குமா என்பது சந்தேகம். கார்டுப் பதிவு பெரும்பாலும் இருக்கும்.

உங்களை வீழ்த்தப்போவது கம்பெனியின் வக்கீல் வாதம் இல்லை. நீங்களே எழுதிக் கொடுத்தவைதான். அன்று மதியம் ஏஜென்டுக்கு நீங்கள் அனுப்பிய வாட்ஸாப்: "குரூப்ல இருந்து கழண்டுட்டோம், கப்பல்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்கல்ல?" விதி தெரிந்துதான் விலகினீர்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். மறுநாள் கம்பெனிக்குப் போட்ட மெயில்: "தெரியாமல் செய்த தவறு, மன்னியுங்கள்." இன்சூரன்ஸ் படிவத்தில், ஏஜென்ட் ஆபீஸ் பையன் நிரப்பி நீங்கள் கையெழுத்துப் போட்டது: "போக்குவரத்து நெரிசலால் கப்பலைத் தவறவிட்டோம்." இப்போது மனுவில் நான்காவதாக ஒன்று: "நேரத்துக்கு வந்தும் ஏற்ற மறுத்தார்கள்." ஒரே சம்பவத்துக்கு நாலு கதை. பயண வழக்குகளில் வழக்குப் போடுபவர்கள் திரும்பத் திரும்ப விழும் குழி இதுதான். சம்பவம் நடந்த சூட்டில் மன்னிப்பு, பணம் கிடைக்கும் என்றால் இன்சூரன்ஸுக்கு ஏற்ற காரணம், கடைசியில் வக்கீலிடம் வரும்போது கோபம். எதிர்தரப்பு இன்சூரன்ஸ் படிவத்தை வரவழைத்து வழக்கில் சாட்சி ஆவணமாகச் சேர்த்தால், அதன் பிறகு இன்சுலின் பற்றிச் சொல்லும் உண்மையைக்கூட ஆணையம் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

சேவைக் குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு முதலில் புகார்தாரருடையது. போர்டிங் பாஸ் கையில் இருந்தும் விமானத்தைத் தவறவிட்ட பயணிகள் கீழ் ஆணையங்களில் ஜெயித்துக்கொண்டு வந்த வழக்கில், 2020-இல் உச்ச நீதிமன்றம் இண்டிகோ பக்கம் தீர்ப்புச் சொன்னதும் இந்த அடிப்படையில்தான்.

அதனால் எதைத் தாக்கல் செய்வதற்கும் முன், இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம்: படிவத்தில் எழுதிய காரணம் சரியல்ல, நடந்தது இது, கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். இன்னும் பணம் வரவில்லை என்பது உங்கள் நல்ல நேரம். வாங்கியிருந்தால் பேச்சே வேறு. வாட்ஸாப்பை அழிக்காதீர்கள், ஃபோனையும் மாற்றாதீர்கள். நீங்கள் அழித்தாலும் ஏஜென்ட் ஃபோனில் அது இருக்கும், அழித்த பழி மட்டும் உங்கள் மேல் வரும். மின்னணுப் பதிவு உண்மையானது என்று உறுதி சொல்லும் சான்றிதழோடு (பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 63-ஆம் பிரிவு) நீங்களே முழு உரையாடலையும் தாக்கல் செய்யுங்கள்.

இன்னொரு குழி. "இந்த நிபந்தனையே நியாயமற்றது, செல்லாது என்று அறிவிக்க வேண்டும்" என்று மனுவில் எழுதச் சிலர் உங்களைத் தூண்டுவார்கள். நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகாரைக் கேட்கும் அதிகாரத்தை 2019 சட்டம் மாவட்ட ஆணையத்துக்குத் தரவில்லை. 47-ஆம் பிரிவின்படி அது மாநில ஆணையத்துக்குரியது, அதாவது கடலூர்க்காரர் சென்னைக்குப் போக வேண்டும். அந்த ஒரு வரியை வைத்தே, கடலூரில் போட்ட மனுவுக்கு அதிகாரம் இல்லை என்று ஆட்சேபம் எழுப்பி ஒரு வருடம் இழுத்துவிடுவார்கள். நிபந்தனையைத் தொடாதீர்கள். பணம் வாங்குமுன் சொல்லவில்லை, மருந்தைத் தரவில்லை, பெட்டியைப் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். இந்த மூன்றோடு நிறுத்துங்கள்.

எந்த ஊர் என்று கேட்டீர்கள். கடலூர் போதும். புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே போட 34-ஆம் பிரிவு அனுமதிக்கிறது, டிக்கெட்டில் "மும்பை நீதிமன்றங்கள் மட்டும்" என்று அச்சடித்திருப்பதற்காகப் பயப்பட வேண்டாம். ஏஜென்டையும் எதிர்தரப்பாகச் சேருங்கள், நிபந்தனையைத் தாமதமாக அனுப்பியது அவர்தான். கட்டணம் கிடையாது. நீங்கள் கேட்கும் 12 லட்சத்தை வைத்து இல்லாமல், கட்டிய தொகையை வைத்துத்தான் கட்டணம், அது 5 லட்சத்துக்குள் இருந்தால் ஒன்றும் இல்லை. கட்டணம் இல்லை என்பதற்காக 12 லட்சம் கேட்காதீர்கள். 90,000 ரூபாய்ப் பயணத்துக்கு 12 லட்சம் என்ற முதல் பக்கத்தைப் பார்த்ததும் மனுவின் மரியாதை போய்விடும்.

காலவரையறை 69-ஆம் பிரிவுப்படி இரண்டு வருடம். கொரோனாவுக்காக உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரி 28 வரையுள்ள நாட்களைக் கணக்கிலிருந்து கழித்துக் கொடுத்தது உண்மை, ஆனால் அதை நம்பி உட்காராமல் 2023 டிசம்பரையே கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். மெயில் பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காகக் காலம் நிற்காது.

இத்தனையும் சொன்ன பிறகு என் ஆலோசனை: சமரசம் செய்துகொள்ளுங்கள். கணக்குப் பாருங்கள். ஐந்து இரவில் மூன்று போனது, அதன் பங்கு 54,000. ஊர் திரும்பிய செலவு 23,400. இரண்டும் சேர்ந்து 77,400. நிபந்தனை விஷயத்தில் ஆணையம் உங்கள் மேலும் பாதித் தவறைப் போட்டால், மருந்துக்கும் மன வேதனைக்கும் சேர்த்தே 50,000 முதல் 60,000 தாண்டுவது கடினம். அதுவும் வாய்தா வாய்தாவாக அலைந்து, எதிர்தரப்பு மேல்முறையீடு போகாமல் இருந்தால். கிரெடிட் வேண்டாம் என்று எழுதுங்கள், அதே கப்பலில் இனி நீங்கள் ஏறப்போவதில்லை. தவிர, இந்தத் தொழிலில் எதுவும் நிச்சயமில்லை. 2022 ஜூனில் சென்னையிலிருந்து வந்த சொகுசுக் கப்பலைப் புதுச்சேரி அரசு கரைக்கே விடாமல் திருப்பி அனுப்பியதைப் பார்த்தீர்கள். 50,000 ரொக்கம் கேட்டு, 42,000-க்குக் குறையாமல் நில்லுங்கள்.

வாங்கும்போதும் ஒரு கவனம் வேண்டும். "முழுமையான இறுதித் தீர்வாக ஏற்கிறோம்" என்ற படிவத்தில் பணம் கணக்கில் ஏறுமுன் கையெழுத்துப் போடக் கூடாது. அவர்கள் முதலில் 20,000-ஐ மட்டும் அனுப்பிவிட்டு அந்தப் படிவத்தை நீட்டினால், "எங்கள் உரிமைக்குப் பாதகமின்றி, பகுதித் தொகையாக மட்டும் பெற்றேன்" என்று அன்றே மெயிலில் பதில் போடுங்கள். பேசாமல் வைத்துக்கொண்டால் அதையே தீர்வு என்பார்கள். மெயில்கள் உங்கள் பெயரிலேயே போகட்டும், மகன் பெயரில் வேண்டாம். நோட்டீஸுக்கு முப்பது நாளில் பதில் வராவிட்டால், இன்சூரன்ஸ் கடிதத்தின் தபால் ரசீது கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடலூரில் மனுவைப் போடுங்கள்.