வாசகர் கேள்வி – பதில்: பேசும் கைபேசி இருக்கும்போது பிரெய்லி எதற்கு?

கேள்வி: என் மகளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை, விடுதியில் தங்கி ஏழாம் வகுப்பு படிக்கிறாள். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் பாடம், கதை எல்லாவற்றையும் கைபேசியை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறாள். விரலால் தடவிப் படிக்கும் பிரெய்லிப் புள்ளி எழுத்தைத் தாளில் குத்தி எழுத உதவும் ஸ்லேட் சட்டத்தைத் தொடுவதே இல்லை. “காலம் மாறிவிட்டது, இன்னும் எதற்கு அந்தத் தடித்த தாளும் ஊசியும்?” என்று உறவினர்களும் கேட்கிறார்கள். நான் என்ன செய்வது? – ஒரு தாய், கோத்தகிரி.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, பிரெய்லியை மட்டும் விடச் செய்துவிடாதீர்கள். கைபேசியின் குரலைக் கேட்கும்போது உங்கள் மகளுக்குப் பாடத்தின் பொருள் விளங்குகிறது. அந்தச் சொற்களை எந்தெந்த எழுத்துகளால் எழுத வேண்டும் என்பது விளங்குவதில்லை. தமிழில் இந்த இழப்பு மிகப் பெரியது. நகரமும் னகரமும் இன்று நம் நாவில் ஒரே ஒலியாகிவிட்டன. ‘அரை’, ‘அறை’ ஆகியவற்றைப் பிரித்து ஒலிப்பவர்கள் குறைவு. மலை எது, மழை எது என்பதைக்கூட இயந்திரக் குரலில் இடம் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கிறது.

விரலுக்கு இந்தக் குழப்பம் இல்லை. பிரெய்லிக் கட்டத்தில் இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று என ஆறு புள்ளிகளுக்கு இடம் உண்டு. இடப்பக்கத்து மூன்றும் எழுந்து நின்றால் லகரம், வலப்பக்கத்து மூன்றும் நின்றால் ளகரம், லகரத்தோடு வலப்பக்கத்தின் கீழிரு புள்ளிகளும் சேர்ந்தால் ழகரம். ஒரு முறை தடவிப் பழகியவர் ‘பள்ளி’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘பல்லி’ என்று எழுதமாட்டார். பன்னிரண்டாம் வகுப்பு வரை கேட்டே படித்துத் தேறிய ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். எதைக் கேட்டாலும் தெளிவாக விடை சொல்வார். ஆனால், ஒரு விண்ணப்பத்தில் தம் ஊரை ‘உதகமண்டளம்’ என்று தட்டச்சு செய்திருந்தார். அதைச் சுட்டிக்காட்டியபோது அவர் முகம் வாடியதை நான் மறக்கவில்லை. அறிவில் குறைவில்லாத அந்தப் பிள்ளைக்கு யாரும் எழுத்தைக் கையில் கொடுக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

பழையது என்று தள்ளுகிறவர்கள் அது எவ்வளவு நுட்பமாக அமைந்தது என்பதையும் அறிய வேண்டும். பிரான்சில் சார்லஸ் பார்பியே அமைத்த பன்னிரண்டு புள்ளி முறையில் ஓர் எழுத்தை அறிய விரலை மேலும் கீழும் நகர்த்த வேண்டியிருந்தது. தந்தையின் தோல் பட்டறையில் கூரிய கருவி பட்டுக் குழந்தைப் பருவத்திலேயே பார்வையை இழந்த லூயி பிரெய்லி, 1824-இல், தம் பதினைந்தாம் வயதில், அதை ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். ஓர் எழுத்து முழுவதும் விரல்நுனிக்குள் அடங்கியது. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்லி 1951-இல் ஏற்கப்பட்டது. அதில் ‘கொ’ என்று எழுத முன்னே கொம்பும் பின்னே காலும் வேண்டாம். ககரத்தை அடுத்து ஒகரம் வரும், அவ்வளவுதான். சொல்லின் ஒலி எந்த வரிசையில் வருகிறதோ அதே வரிசையில் எழுத்தும் வருவதால், குழந்தைகள் இதை விரைவாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

நம் மலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நவம்பர் மழையில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்தால், கோத்தகிரிப் பக்கம் மின்சாரம் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது என்பது உங்களுக்கே தெரியும். கைபேசி அணைந்த அந்த இரவில் வீட்டில் எல்லோரும் மெழுகுவத்தி தேடிக்கொண்டிருக்க, மடியில் புத்தகத்தை விரித்துத் தம்பிக்குக் கதை படித்துக்காட்டக் கூடியவள் உங்கள் மகள் ஒருத்திதான்.

கைபேசியைப் பிடுங்க வேண்டாம். நீண்ட பாடங்களை அது வாசிக்கட்டும். நாளுக்கு அரை மணி நேரம் அவள் தடவிப் படிக்கட்டும். வீட்டில் எழுதுவதற்கு ஒரு காரணத்தை உண்டாக்குங்கள்: மல்லித்தூள், மிளகாய்த்தூள் டப்பாக்களுக்குப் பெயர், கடைக்குப் போகும்போது சாமான் பட்டியல், தோழிக்குக் கடிதம். ஸ்லேட்டில் வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகப் படிக்கும் அந்த முறையை நீங்களும் அவளிடமே கற்றுக்கொள்ளுங்கள். அம்மாவுக்குப் பாடம் நடத்தும் மகிழ்ச்சி எந்த வற்புறுத்தலையும்விட நன்றாக வேலை செய்யும். ஆறு புள்ளி கையில் இருந்தால் அது கைபேசியிலும் உதவும்: திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும், ஆண்ட்ராய்டு கைபேசியின் டாக்பேக் வசதியில் 2020 முதல் பிரெய்லி விசைப்பலகை இருக்கிறது, திரையிலேயே ஆறு விரல்களால் தட்டி எழுதலாம்.

கேள்வி: பிரெய்லிப் புத்தகங்கள் மழைக்காலத்தில் நமுத்துப் புள்ளிகள் அமுங்கிவிடுகின்றன. குளிர்காலத்தில் விரலும் மரத்துப்போகிறது. வழி உண்டா? – ஒரு வாசகர், கூடலூர்.

பதில்: புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள்; மேலுள்ள பாரமே புள்ளிகளை அமுக்கும். சுவரை ஒட்டாத அலமாரியில், நெருக்காமல் நிற்க வையுங்கள். வெயில் முகம் காட்டும் நாளில் எடுத்து விரித்துக் காற்றாட வைக்கலாம். அடிக்கடி தேவைப்படும் பக்கங்களைக் கெட்டியான பிளாஸ்டிக் தாளில் குத்திக்கொண்டால் ஈரம் அவற்றை ஒன்றும் செய்யாது. படிப்பதற்கு முன் வெந்நீர்க் குவளையைச் சிறிது நேரம் கையில் பிடித்திருந்து, விரல்களை நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த விரலுக்குப் புள்ளி சரியாகப் பிடிபடாது.

கேள்வி: என் தந்தைக்கு 58 வயது. நீரிழிவு நோயால் பார்வை போய்விட்டது. இந்த வயதில் பிரெய்லி கற்க முடியுமா? – ஒரு மகன், குன்னூர்.

பதில்: வயது தடையில்லை, ஆனால், நீரிழிவு விரல்நுனியின் உணர்வையும் மங்கச் செய்யக்கூடும். எனவே முதலில் மருத்துவரிடம் அதைச் சோதித்துக்கொள்ளுங்கள். உணர்வு நன்றாக இருந்தால், புத்தகம் படிப்பதை இப்போதே இலக்காக வைக்காமல், எண்களையும் பத்துப் பதினைந்து எழுத்துகளையும் கற்கச் சொல்லுங்கள். காலை மாத்திரை எது, இரவு மாத்திரை எது என்பதை யாரையும் கேட்காமல் அவரே எடுத்துக்கொள்ள அது போதும். வாக்குப்பதிவு இயந்திரத்தின் பொத்தான்களுக்கு அருகிலும் பிரெய்லி எண்கள் உள்ளன. அடுத்த தேர்தலில் தம் வாக்கை அவர் தாமே, இரகசியமாகச் செலுத்தலாம். உணர்வு மங்கியிருந்தால் மாத்திரைப் பெட்டிகளில் ஒன்றுக்கு ரப்பர் வளையம், மற்றொன்றுக்கு முடிச்சிட்ட நூல் என்று கட்டிக்கொடுங்கள்.