வேலையில் இருந்துகொண்டே மாநிலப் பிரதிநிதி ஆக முடியுமா?

உங்கள் மனைவி நாஷுவாவிலிருந்து நியூ ஹாம்ப்ஷயர் மாநிலக் கீழவைக்கு நிற்க நினைக்கிறார், ஜெயித்தால் வேலையை விட வேண்டி வருமா என்று கேட்டிருந்தீர்கள். சம்பளத்தை நம்பி மட்டும் விட்டுவிட வேண்டாம். இரண்டாண்டுப் பதவிக்காலம் முழுவதற்கும் சேர்த்தே 200 டாலர்தான். 1889-லிருந்து அதே தொகை. மாநிலத் தலைநகர் கான்கார்டுக்குப் போய்வரப் பயணப்படி தனி. அதனால்தான் அந்த 400 உறுப்பினர்களில் ஓய்வு பெற்றவர்கள் அவ்வளவு பேர்.

ஆனால் உண்மையில் இடிப்பது நேரம். ஜனவரி முதல் ஜூன் வரை அவைக் கூட்டம், குழுக் கூட்டம் எல்லாம் வார நாட்களில், பகலில்தான். எந்த மசோதாவையும் விசாரிக்காமல் கிடப்பில் போடுகிற வழக்கம் அங்கே கிடையாது. ஒவ்வொன்றுக்கும் பொது விசாரணை உண்டு. குழு வேலை ஆளைப் பிழிந்துவிடும். வாரத்தில் எந்த நாட்களை விட்டுத்தருவார்கள் என்று ஆபீஸில் இப்போதே பேசி வைக்கச் சொல்லுங்கள்.

மற்றதெல்லாம் சுலபம். ஜூன் மாதம் நகர எழுத்தரிடம் மனு, கட்டணம் 2 டாலர் (ஆமாம், இரண்டே டாலர்!). பிறப்பால் குடியுரிமை பெற்றவராக இருக்க வேண்டியதில்லை. மாநிலத்தில் 2 ஆண்டு வசித்திருந்தால் போதும். மேலவை என்றால் 7 ஆண்டு, வயதும் 30 ஆகியிருக்க வேண்டும்.

அப்புறம், வேலையையும் பதவியையும் சேர்த்துச் செய்வது புதிதல்ல. ஒபாமா இல்லினாய் மாநில செனட்டராக இருந்தபோது சிகாகோ பல்கலைக்கழகத்தில் சட்டப் பாடம் நடத்திக்கொண்டுதான் இருந்தார்.