டைகர் டேங்க் கிட்: 1997 அச்சு காலாவதி ஆகிவிட்டதா?

கேள்வி: சேலத்தில் கல்லூரி ஆசிரியராக இருக்கிறேன். வயது 43. பள்ளி நாட்களில் இரண்டு மூன்று பிளாஸ்டிக் விமானம் ஒட்டியதோடு சரி. இப்போது ஜெர்மன் டைகர் டேங்க் ஒன்றை 1/35 அளவில் செய்ய ஆசை. டாமியா கம்பெனியின் ‘ஆரம்பகால உற்பத்தி’ டைகரைப் பார்த்து வைத்திருந்தேன். வெளிநாட்டிலிருந்து கிட் தருவித்துக் கொடுக்கும் ஒருவர், “அது 1997 அச்சு சார், காலாவதி ஆகிவிட்டது. ரை ஃபீல்ட் டைகரை எடுங்கள். உள்ளே எஞ்சின், குண்டு அடுக்கு எல்லாம் உண்டு, சக்கரங்களைச் சுற்றி ஓடும் டிராக்கை ஒவ்வொரு கண்ணியாகக் கோக்கலாம்” என்கிறார். விலை இரண்டு மடங்குக்கு மேல். ஏர்பிரஷ், பெயிண்ட், உலோகப் பீரங்கிக் குழல் எல்லாம் சேர்த்து ஒரே செட்டாகத் தருகிறாராம். ‘கிஃப்ட்’ என்று எழுதி அனுப்பினால் கஸ்டம்ஸ் தொல்லை இல்லையாம். முழுப் பணமும் முதலிலேயே கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: டாமியாவையே வாங்குங்கள். பெட்டியில் 35216 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்த செட் வேண்டாம். முழுப் பணத்தையும் முன்கூட்டியே யாருக்கும் கொடுக்காதீர்கள். இதுதான் பதில். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அவர் அடுத்த முறை வேறொன்றைச் சொல்லும்போது மறுபடி குழம்புவீர்கள்.

முதலில் ‘காலாவதி’ என்ற பேச்சு. கிட்டின் பாகங்களை வார்க்கும் அச்சு எஃகில் வெட்டியது. ஒழுங்காகப் பராமரித்தால் முப்பது வருடம் கழித்தும் கூர்மையாகவே வார்க்கும். நாம் பார்க்க வேண்டியது வடிவத்தைத்தான், வருடத்தை அல்ல. நிஜ டைகர் பீரங்கிக் குழலோடு சேர்த்து 8.45 மீட்டர் நீளம். 35-ஆல் வகுத்தால் 24 சென்டிமீட்டர் சொச்சம். இந்த அளவுகள் யாருக்கும் ரகசியமில்லை. 1943-ல் துனீசியாவில் பிடிபட்ட டைகர் 131 இங்கிலாந்தின் போவிங்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது. ஸ்கேலை வைத்துப் பார்த்தால் டாமியாவின் 1997 டைகர் நியாயமாகத் தேறும். புதிய கிட்டுகளில் வெல்டிங் கோடு இன்னும் துல்லியமாக இருக்கும், தகடுகள் மெல்லிசாக இருக்கும், எஞ்சின் மூடியின் வலைக்கு உலோகத் தகடு கூடவே வரும். அதெல்லாம் உண்மை. ஆனால் இரண்டையும் செய்து, பெயிண்ட் அடித்து, அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கை தூரம் தள்ளி நின்றால், எது எது என்று சொல்ல எனக்கே கொஞ்ச நேரம் ஆகும். அந்த வித்தியாசத்துக்காக முதல் டேங்க்கிலேயே இரண்டு மடங்கு பணமும் நான்கு மடங்கு வேலையும் ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை.

வேலை என்றேன், அது எவ்வளவு என்று பாருங்கள். நிஜ டைகருக்குள் 92 குண்டுகள் அடுக்கியிருப்பார்கள். உள்ளறை கிட் என்றால் அந்தக் குண்டுகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, அச்சுக்கோட்டைச் சுரண்டி, பித்தளை நிறம் அடித்து, முனைக்கு வேறு நிறம் தீட்டி அடுக்க வேண்டும். அதற்கு முன்னால் தரைக்குச் செம்பழுப்பு பிரைமர், மேல்சுவருக்குத் தந்த நிறம், கியர்பாக்ஸ், இருக்கை, ரேடியோ. எல்லாம் முடித்து மேல்பகுதியை மூடிவிட்டால், திறந்த மூடி வழியாக டார்ச் அடித்துத்தான் பார்க்க முடியும். மூடாமல் வைத்தால் வெளித்தோற்றம் குலைந்துவிடும். உங்களுக்கு வேண்டியது அலமாரியில் நிற்கும் டைகர்தானே.

டிராக் இன்னொரு கதை. டைகருக்கு ஒரு பக்கம் 96 கண்ணி, இரண்டு பக்கமும் சேர்த்து 192. ஒரு கண்ணி ஸ்ப்ரூவில், அதாவது பாகங்கள் கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டத்தில், நான்கு இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 768 வெட்டு ஆகிறது. ஒவ்வொரு வெட்டுத் தழும்பையும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். பாதியில் விட்டு வீட்டுப் பரணில் ஏறிய கிட்டுகளை எத்தனையோ பேர் என்னிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். பெரும்பாலானவை நின்றுபோனது இந்த டிராக் வேலையில்தான். டாமியாவில் வருவது வளையும் பட்டை டிராக். அது தொய்யாது என்பார்கள். தொய்ய வைக்கலாம். சக்கரங்களின் தலைமீது படுகிற இடத்தில் ஒரு பொட்டு ஃபெவிக்விக் வைத்து, டிராக்குக்கும் மேல்தகட்டுக்கும் நடுவில் ஸ்பாஞ்சுத் துண்டைத் திணித்து அரைமணி நேரம் விட்டுவிடுங்கள். நிஜ வண்டியின் பாரம் அப்படியே வந்துவிடும்.

எந்த கிட்டை வாங்கினாலும் தப்பிக்க முடியாத வேலை ஒன்று உண்டு, அது சக்கரம். ஆரம்பகால டைகரில் பக்கத்துக்கு எட்டு இருசு, இருசுக்கு மூன்று சக்கரம், ஆக 24. இரண்டு பக்கமும் 48. ஒன்றுக்குள் ஒன்று கோத்த மாதிரி நிற்கும். எல்லாவற்றையும் ஒட்டிவிட்டு அப்புறம் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தீர்களோ, உள்வரிசைக்குள் தூரிகை நுழையவே நுழையாது. ஒவ்வொரு சக்கரத்தையும் டூத்பிக்கில் செருகுங்கள். முதலில் மஞ்சள் அடித்துக் காயவிடுங்கள். பிறகு சாம்பல் கலந்த கருப்பைத் தூரிகையில் எடுத்து, தூரிகையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றுங்கள். ரப்பர் ஓரம் வட்டமாக, சுத்தமாக விழும். நான்கைந்து சக்கரம் கெடும். கெட்டதை உள்வரிசையில் போட்டுவிடலாம். இதற்கு இரண்டு மாலை ஒதுக்குங்கள், அவசரமே வேண்டாம்.

டாமியா பேர் போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். டாமியா 1961-ல் முதன்முதலாகப் பாந்தர் டேங்க்கைப் போட்டபோது அது மோட்டாரில் ஓடும் மாடல். மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்க வேண்டும் என்று பார்த்ததில்தான் 1/35 என்ற அளவே பிறந்தது. அந்தப் பழக்கம் பல வருடம் நீடித்தது. மோட்டாருக்காக அடித்தட்டில் ஓட்டை, கியர்பாக்ஸுக்காக வெட்டு, உள்ளே இடம் வேண்டுமே என்று அங்கங்கே அளவில் விட்டுக்கொடுத்தல். அந்தக் காலத்து அச்சுகள் சில இன்னும் பளபளப்பான பெட்டியில் விற்பனைக்கு வருகின்றன. உதாரணமாக, 35065 பாந்தர் அரை நூற்றாண்டுப் பழசு. 35345 பாந்தர் 2015-ல் வந்தது. இரண்டு பெட்டியிலும் டாமியாவின் அதே சிவப்பு நீல நட்சத்திரச் சின்னம்தான். கைக்குள் எடுத்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பழையதைப் புதியதின் விலைக்குத் தலையில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் படத்தைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள். டாமியாவின் 35-ல் தொடங்கும் எண்களில், பின்னால் உள்ள மூன்று இலக்கம் சிறிதாக இருந்தால் பொதுவாக அச்சு பழசு. வாங்குவதற்கு முன் அந்த எண்ணை ஸ்கேல்மேட்ஸ் தளத்தில் போட்டுப் பாருங்கள். அச்சு எந்த வருடம் பிறந்தது, எந்தெந்தப் பெட்டிகளில் மாறி மாறி வந்தது என்று வரிசையாகக் காட்டும். இத்தாலெரி, ரெவெல் பெட்டிகளுக்குள் வேறு கம்பெனி அச்சு இருப்பது சகஜம். அதையும் அங்கேயே கண்டுபிடித்துவிடலாம்.

டைகரிலும் எண் முக்கியம். 35146 என்பது 1989-ல் வந்த கடைசிகால டைகர். அது நல்ல கிட்தான், ஆனால் அந்த வண்டியின் உடம்பெல்லாம் சிமெரிட் என்ற வரிவரியான பூச்சு இருக்க வேண்டும். அதை நீங்களே பட்டி பூசிக் கீற வேண்டியிருக்கும். முதல் டேங்க்கில் வேண்டாம்.

‘சீல் பிரிக்காத எழுபதுகளின் பெட்டி’ என்று ஆசை காட்டினாலும் வாங்காதீர்கள். அந்தக் காலத்து வினைல் டிராக் பெட்டிக்குள் இருந்தபடியே பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக்கை உருக்கியிருக்கும். பிரித்தால் சக்கரத்தில் டிராக்கின் தழும்பு பதிந்திருக்கும்.

இப்போது உங்கள் இடைத்தரகர். ‘கிஃப்ட்’ என்று எழுதினால் கஸ்டம்ஸ் வராது என்று ஒருவர் சொன்ன நொடியே அவரிடமிருந்து விலகிவிடுங்கள். 2019 டிசம்பரிலேயே, தபாலிலும் கூரியரிலும் அன்பளிப்பு என்று சொல்லி வரி கட்டாமல் பொருள் இறக்குமதி செய்வதைத் தடை செய்துவிட்டார்கள். உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும்தான் விலக்கு. பார்சல் மாட்டினால் பதில் சொல்ல வேண்டியது பெறுநர் இடத்தில் பெயர் இருக்கும் நீங்கள், அவர் அல்ல. பெயிண்ட்டும் செட்டோடு வரும் என்கிறாரே, மாடல் பெயிண்ட் பெரும்பாலும் தீப்பிடிக்கும் திரவம். விமானத்தில் சாதாரணப் பார்சலாக அனுப்பக் கூடாது. ஒன்று, வழியில் எடுத்துவிடுவார்கள். அல்லது இங்கேயே வாங்கியதை வெளிநாட்டு விலைக்கு உங்களிடம் விற்பார். உலோகக் குழலும் உங்களுக்குத் தேவையில்லை.

எனக்கே நடந்தது ஒன்று. சில வருடங்களுக்கு முன் பத்துப் பேர் சேர்ந்து மொத்தமாகத் தருவிக்கலாம் என்று ஒருவர் கிளம்பினார். முழுப் பணமும் கட்டினேன். நான்கு மாதம் கழித்துப் பெட்டி வந்தது. மேல்தாளில் சீல் இல்லை. உள்ளே எண்ணிப் பார்த்தால் ஒரு ஸ்ப்ரூவும், வண்டியின் எண்ணையும் சின்னத்தையும் ஒட்டும் டீக்கால் தாளும் காணோம். கேட்டதற்கு, “கஸ்டம்ஸில் பிரித்திருப்பார்கள் சார்” என்றார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நிரூபிக்க என்னிடம் என்ன இருந்தது? பணம் போய்விட்டது, ரசீது இல்லை. அன்றிலிருந்து பாதிப் பணம் பெட்டியைக் கண்ணால் பார்த்த பிறகு என்பதுதான் என் கணக்கு.

இவர்கள் இப்படி முளைப்பதற்கு நம் சட்டதிட்டங்களும் ஒரு காரணம், அதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. சுங்கப் பட்டியலில் 9503 என்ற ஒரே தலைப்பில் குழந்தைப் பொம்மையும் ஸ்கேல் மாடலும் சேர்ந்து கிடக்கின்றன. பொம்மைக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. 2021 ஜனவரி முதல் பொம்மைக்கு பி.ஐ.எஸ். தரச் சான்று கட்டாயம். அந்த ஆணையே 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொருளுக்கானது. கூர்மையான கத்தியும் பசையும் வைத்துக்கொண்டு 43 வயது ஆசிரியர் மூன்று மாதம் உட்கார்ந்து செய்யும் டைகர் எப்படிக் கிலுகிலுப்பையோடு சேரும்? பிள்ளைகள் வாயில் தரம் கெட்ட பிளாஸ்டிக் போகக் கூடாது என்ற நோக்கத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரே ஒரு வாக்கியம் எழுதி ஸ்கேல் மாடலைப் பிரித்து வைக்க இத்தனை வருடமா? முறையாக இறக்குமதி செய்யும் கடைக்காரர்தான் இதில் நசுங்குகிறார். அவர் கடையில் ஸ்டாக் இல்லாதபோது புறவாசல் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். பில் போட்டுத் தரும் இந்தியக் கடையில் கொஞ்சம் விலை கூடத் தெரிந்தாலும் அங்கேயே வாங்குங்கள். ஸ்ப்ரூ குறைந்தால் திரும்பிப் போய்க் கேட்க ஒரு வாசல் இருக்கும்.

கூட வாங்க வேண்டியவை கொஞ்சம்தான். பாகங்களை வெட்டி எடுக்க நல்ல நிப்பர் ஒன்று, பிளாஸ்டிக் பசை, 400, 800 எண் உப்புத்தாள், இரண்டு தூரிகை. ஏர்பிரஷ் இப்போது வேண்டாம். டாமியாவின் டி.எஸ்.-3 அடர் மஞ்சள் ஸ்ப்ரே டப்பா போதும். 1943 பிப்ரவரிக்குப் பிறகு ஜெர்மன் டேங்க்குகளுக்கு அதுதான் அடிப்படை நிறம். மொட்டை மாடியில், முகக்கவசம் போட்டு, லேசாக மூன்று தடவை அடியுங்கள். ஒரே தடவையில் ஊற்றிவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்திருக்கும்போது அடிக்கவே கூடாது. காற்றின் ஈரம் பெயிண்டில் இறங்கி வெள்ளையாகப் பூத்துவிடும்.

பெட்டி வந்ததும் உடனே வெட்ட ஆரம்பிக்காதீர்கள். விளக்கத்தாளில் எல்லா ஸ்ப்ரூவுக்கும் எழுத்துப் போட்டுப் படம் இருக்கும். பாலிதீன் பையைப் பிரிக்காமலே ஒவ்வொன்றாக அந்தப் படத்தோடு ஒப்பிட்டு டிக் அடியுங்கள். சில எழுத்தில் இரண்டு பிரதி இருக்கும், அதையும் எண்ணுங்கள். டிராக், டீக்கால் தாள் இரண்டும் கையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஏதாவது குறைந்தால் அப்படியே போட்டோ எடுத்து அன்றைக்கே கடைக்கு அனுப்புங்கள். எல்லாம் சரியாக இருந்தால், சக்கரங்களை வெட்டி டூத்பிக்கில் செருகுவதில் ஆரம்பியுங்கள்.