வெள்ளம் வடிந்த பிறகு

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 56. கல்யாணமாகிக் கும்பகோணத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள். இப்போது டர்பன் பக்கத்து வெருலத்தில் இருக்கிறோம். மகன் பெர்த்தில், மகள் ஜோகன்னஸ்பர்க்கில். கணவர் விடிகாலையில் ஃபேக்டரிக்குக் கிளம்பினால் சாயங்காலம் வரை நான் மட்டும்தான்.

2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது கோயில் மண்டபத்தில் ஒன்றரை வாரம் போலச் சமைத்துப் போட்டோம். இடுப்பு ஒடிந்துபோனது. ஆனால், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அந்த நாட்களில்தான் நான் உயிரோடு இருந்த மாதிரி இருந்தது. அப்புறம் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. இப்போது பெருமழை பெய்தால் மனசின் ஒரு மூலை எதையோ எதிர்பார்க்கிறது. இது பாவமில்லையா?

“சேவை செய், மனசு நிறையும்” என்கிறாள் ஊரிலிருக்கும் தங்கை. எனக்கோ நீச்சல் கற்றுக்கொள்ள ரொம்ப நாளாக ஆசை. அடுத்தவருக்கு உதவுவதுதான் வாழ்க்கையின் அர்த்தம் என்றால், எனக்கென்று ஒன்றுக்கு ஆசைப்படுவது தப்பா?

சு., வெருலம்

*

அன்புள்ள சு. அவர்களுக்கு,

பாவமெல்லாம் இல்லை. மழை உங்கள் மனசைக் கேட்டுக்கொண்டு பெய்வதில்லை.

அந்த ஒன்றரை வாரத்தில் உங்களுக்கு என்ன கிடைத்தது என்று கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேச நாலு பேர் இருந்தார்கள். காலையில் எழுந்ததும் எங்கே போகவேண்டும் என்பது தெரிந்திருந்தது. நீங்கள் கட்டிய பொட்டலத்தைச் சாப்பிட ஒருவர் காத்திருந்தார். இரவில் படுத்ததும் தூக்கம் வந்தது. இதில் ‘வாழ்க்கையின் அர்த்தம்’ எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. பாதிக்கு மேல் அது கூட்டாளிகள் கிடைத்த சந்தோஷம்தான். அதில் குறைவு ஒன்றும் இல்லை. பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட வீடுகளில் இன்று இல்லாதது அதுதானே.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. எல்லாம் பழையபடி ஆனதாக எழுதியிருக்கிறீர்கள். யாருக்கு? அந்த வெள்ளத்தில் நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். உங்களுக்குப் பக்கத்து ஊரான டோங்காட்டில் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்ற ஊர் அது. மூட்டுவலி உள்ள ஒரு பாட்டி தெருமுனையிலிருந்து வீடு வரைக்கும் வாளியை எப்படித் தூக்கிப்போவாள்? மண்டபத்து அடுப்பு அணைந்தபோது வெள்ளம் முடியவில்லை. கூட்டம் கலைந்தது, அவ்வளவுதான். நம்மவர்கள் அண்டா ஏற்றுவதில் கெட்டிக்காரர்கள். இரண்டாவது மாதம் வாளி தூக்க ஆள் தேடினால்தான் கஷ்டம்.

இந்த ஊரிலேயே உங்களைப் போலத் தவித்த ஒருவரைச் சொல்கிறேன். காந்தி டர்பனில் வக்கீலாக நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த காலம். ஒரு நாள் தொழுநோயாளி ஒருவர் வாசலில் வந்து நின்றார். சோறு போட்டு, தங்கவைத்து, புண்களுக்குக் கட்டுப்போட்டார். ஆனால் அவரைக் கடைசிவரை வீட்டில் வைத்துக்கொள்ள மனத்துணிவு இல்லை. ஒப்பந்தக் கூலிகளுக்கான அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகும் மனசு அடங்கவில்லை, நிலையான ஒரு தொண்டு வேண்டும் என்று ஏங்கினேன் என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ‘நிலையான’ என்கிறார், கவனியுங்கள். டர்பன் வணிகர் பார்சி ருஸ்தம்ஜியின் கொடையில் செயின்ட் எய்டன்ஸ் மிஷனைச் சேர்ந்த டாக்டர் பூத் ஒரு சிறிய தர்ம ஆஸ்பத்திரி நடத்தினார். அங்கே மருந்து கலந்து கொடுக்கும் வேலையைக் காந்தி ஏற்றுக்கொண்டார். போக வர ஆகும் நேரத்தையும் சேர்த்து தினம் இரண்டு மணி நேரம். அதற்காகக் கோர்ட்டு வேலையில் கொஞ்சத்தை நண்பரிடம் ஒப்படைத்தார். வந்த நோயாளிகளில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள், தமிழரும் தெலுங்கரும் வட இந்தியரும். நோயாளி சொல்வதைக் கேட்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும், மருந்தைக் கொடுக்க வேண்டும். இந்தக் கம்பவுண்டர் வேலைதான் தனக்கு ஓரளவு அமைதி தந்தது என்கிறார். பின்னால் ஆங்கிலேயருக்கும் டச்சு வழிவந்த போயர்களுக்கும் நடந்த போயர் போரில் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளவும் அந்தப் பழக்கம் கைகொடுத்தது.

எனவே உங்களுக்கு நான் சொல்லக்கூடியது சின்ன விஷயம்தான். வாரத்தில் ஒரு நாள், ஒரே இடம், ஒரே வேலை. நீங்கள் வராவிட்டால் “இன்னைக்கு அந்த அம்மா வரலையே” என்று யாராவது கேட்கும்படியான வேலை. டர்பனில் இதற்கு இடமா இல்லை? கதியில்லாதவர்களுக்காக ஆரிய யுவக் சபாவினர் 1921இல் தொடங்கிய ஆரியன் பெனவலண்ட் ஹோம் நூறு வருஷம் தாண்டியும் நடக்கிறது. அது மாதிரி முதியோர் இல்லம் எதற்காவது போய், என்ன செய்யட்டும் என்று முதலில் கேளுங்கள். கையில் பலகாரத்தோடு போய் நிற்காதீர்கள். தீபாவளிக்குத் தட்டுத் தட்டாக வந்து குவியும், அங்கே பாதிப் பேருக்குச் சர்க்கரை. நகம் வெட்டிவிடச் சொல்லலாம், சாசா என்கிற அரசு சமூகநல அமைப்பின் உதவித்தொகைக் கடிதத்தைப் படித்துச் சொல்லச் சொல்லலாம். தமிழ் கொஞ்சம் ஞாபகம் இருக்கிற எண்பது வயசுக்காரர் யாராவது இருந்தால் உங்களைச் சுலபத்தில் விடமாட்டார். முதல் மாதம் சலிப்பாக இருக்கும். மண்டபத்துச் சிரிப்பும் சத்தமும் இருக்காது. மூன்று மாதம் போய்ப் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் வேறு இடம் பார்க்கலாம். போட்டோ மட்டும் வேண்டாம்.

நீச்சலுக்கு வருகிறேன். இதைச் சேவையோடு தராசில் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. தங்கைக்குத் தெரியாத ஒரு சரித்திரம் இந்த ஊர்க் கடலுக்கு உண்டு. 1953இல் வந்த சட்டம் பூங்கா, பெஞ்ச், நீச்சல்குளம், கடற்கரை எல்லாவற்றையும் நிறத்தின்படி பிரிக்க இடம் கொடுத்தது. அது நீக்கப்பட்டது 1990இல்தான். டர்பனின் நல்ல கடற்கரைகள் வெள்ளையருக்கு என்று இருந்த காலத்தில் வளர்ந்த நம் பெண்கள் எத்தனையோ பேர், கடல் பக்கத்திலேயே பிறந்தும் கணுக்கால் நனைவதோடு திரும்பியவர்கள். உங்கள் கோயிலிலேயே விசாரித்துப் பாருங்கள், உங்கள் வயதில் நீச்சல் தெரியாதவர் நாலைந்து பேராவது தேறுவார்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். வெங்காயம் நறுக்கும்போது இருந்த பேச்சுத்துணை தண்ணீரிலும் கிடைக்கும். அதற்குப் பிறகும் தங்கை கேட்டால் சேவை என்றே சொல்லிக்கொள்ளுங்கள், பொய்யாகாது.

இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் குளத்துத் தண்ணீர் சில்லென்று இருக்கும். செப்டம்பரில் ஆரம்பியுங்கள். இல்லத்துக்குப் போவதற்கு அதுவரை காத்திருக்க வேண்டாம்.