கல்யாண முருங்கை பிழைக்குமா?

கேள்வி: மிளகுக் கொடி ஏற்றியிருக்கும் கல்யாண முருங்கையில் துளிரெல்லாம் முடிச்சு முடிச்சாக வீங்கிச் சுருண்டுபோகிறது. இது என்ன நோய்? மரம் தேறுகிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
- ஒரு வாசகர், கூடலூர்

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் நோய் இல்லை, குளவி. குவாட்ராஸ்டிகஸ் எரித்ரினே என்று பெயர், ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பியது. இளந்துளிருக்குள் முட்டையிடும், புழு உள்ளேயே வளர, இலை வீங்கிவிடும், மூன்று வாரத்துக்குள் அடுத்த தலைமுறை தயார். 2004-இல்தான் இதற்குப் பெயரே வைத்தார்கள், அடுத்த ஒன்றிரண்டு வருடத்திலேயே கேரளத்துக்கும் ஹவாய்க்கும் போய்விட்டது.

ஹவாயில் கல்யாண முருங்கையின் சொந்தக்கார மரம் ஒன்று உண்டு, விலிவிலி. உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத மரம். 2005-இல் குளவி வந்ததும் அவை கொத்துக்கொத்தாகச் சாக ஆரம்பித்தன, அவசர அவசரமாக விதை சேகரித்து வைத்தார்கள். அப்புறம் தான்சானியாவிலிருந்து, இந்தப் புழுக்களைத் தின்கிற இன்னொரு குளவியைக் கொண்டுவந்து சோதித்து 2008-இல் விட்டார்கள். இலைகள் தேறின. ஆனால் தொடர்ந்து கவனித்தவர்களுக்குத்தான் தெரிந்தது, பூவிலும் இளங்காயிலும் தாக்குதல் நிற்கவில்லை, விதை பிடிப்பது அடிபடுகிறது என்று. இலையை மட்டும் பார்த்திருந்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்!

அதனால் நீங்களும் சில மரங்களுக்குப் பெயின்டில் எண் போட்டு, அதே மரங்களையே வருடா வருடம் பாருங்கள் (நோஞ்சான் மரத்தை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள், மனசு அதில்தான் போகும்). புதுத்துளிர் வரும்போது பத்துத் துளிரில் எத்தனை வீங்கியிருக்கிறது என்று எண்ணுங்கள், முற்றிய இலையை எண்ணிப் பயனில்லை. கிளை கழிக்காமல் விட்ட மரத்தில் பூவையும் பாருங்கள், காய் முற்றியதும் உரித்து நல்ல விதை எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

வீங்கிய கொம்பைக் கழித்தால் தோட்டத்திலேயே போட்டுவைக்காதீர்கள், உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும், எரித்துவிடுங்கள். ஆனால் அடிக்கடி கழித்தால் அடிக்கடி துளிர்க்கும், குளவிக்கு வேண்டியதும் அதுதான். போத்து நடுவதாக இருந்தால் முடிச்சு இல்லாத மரத்திலிருந்து எடுங்கள்.